தட்டரும் மாமாவின் பான்ஜோவும்

ஒக்லாந்தில் தட்டர் தட்டிப் பார்க்காத சாமான் ஒன்று இருக்குமானால், அது இன்னும் கப்பலில் வந்து இறங்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

அவருடைய ஞானஸ்நானப் பெயர் பங்குத்தந்தைக்கும் குடிவரவுத் திணைக்களத்துக்கும் மட்டுமே தெரியும். மற்ற எல்லாருக்கும் தட்டர். முகத்துக்கு முன்னால் அண்ணை. மன்னாரில் பிறந்து, ஒக்லாந்தின் தெற்கே பாபடோயிட்டோயில் குடியேறி, விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கி ஓய்வு பெற்றவர். "பெட்டியில ஒரு தட்டுத் தட்டினால் உள்ளுக்குக் கருவாடு இருக்கோ இல்லையோ எண்டு சொல்லிப்போடுவன்" என்பார். விரலை மடக்குவார், தலையை ஒரு பக்கம் சரிப்பார், கண்ணை மூடுவார். டொக், டொக். பிறகு விலை சொல்வார். எங்கள் மூலைக் கடை டெயரிக்காரர் இவர் தெருவில் வருவதைக் கண்டாலே தர்ப்பூசணிகளை உள்ளே எடுத்து வைத்துவிடுவார்.

விலையை அவர் டொலரில் சொன்னதே இல்லை.

"டொலர் ஏறும், இறங்கும். வாசிங் மெசின் எப்பவும் வாசிங் மெசின்தான்."

ஆகவே ஒருவருடைய பழைய சாப்பாட்டு மேசை "ஒரு வாசிங் மெசின், மேலால உடுப்புப் போடுறது". இன்னொருவரின் வெண்கலக் குத்துவிளக்கு "ஒரு கொரோலாவின்ர பின் பம்பர், கீறல் இல்லாதது". என் மனைவி ஜெசிந்தா ஆசையாக வாங்கிய சோபாவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "தேத்தண்ணிக் கேத்தில்" என்று சொல்லி அதிலேயே உட்கார்ந்து தேநீர் குடித்தார். அவள் ஒரு மாதம் அந்தச் சோபாவைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விட்டாள்.

சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பதி வீடு வாங்கப் புறப்பட்டபோது, துணைக்கு இவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். முதல் வீட்டில் சுவரைத் தட்டினார். விற்பனை முகவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"என்ன சார், வீடு எப்படி இருக்கு?" என்று கேட்டார் கணவர்.

"தம்பி, இந்தச் சுவர் பொய் சொல்லுது."

அந்த வீட்டை விட்டார்கள். இரண்டாவது வீட்டின் சுவரைத் தட்டிவிட்டு, பிறந்த பிள்ளையைப் பார்த்தவர் போலச் சிரித்தார். அதை வாங்கினார்கள். முதல் மாரிக்கே ஒழுகியது. அவர்கள் வாளியும் கையுமாக வந்து நின்றபோது தட்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

"சுவரைத்தானே தட்டச் சொன்னனீங்கள்? கூரையை ஆர் தட்டச் சொன்னது?"

செத்த வீட்டிலும் விரல் சும்மா இருக்காது. அவரோடு வேலை செய்த ஒருவரின் அடக்கத்தில், மரியாதையாகக் குனிந்து சவப்பெட்டியைத் தொட்டவர், தொட்டது போதாமல் தட்டியும் விட்டார். "ரிமு மரம் எண்டு சொல்லி வித்திருப்பாங்கள். இது மலிவுப் பைன்." சுவாமியார் முறைத்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். செத்தவரின் மனைவி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் அப்பவே சந்தேகம் அண்ணை" என்றார்.

இப்படிப்பட்ட மனிதரின் வாழ்க்கையில் பொற்காலம் என்று ஒன்று வந்தது என்றால், அது பான்ஜோக் காய்ச்சல் அடித்த காலம்தான்.

பான்ஜோவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பறைக்கும் கிற்றாருக்கும் கலியாணம் செய்துவைத்தால் பிறக்கிற பிள்ளை அது. உடம்பு தகப்பனைப் போலத் தோல் கட்டிய வட்டம், கழுத்து தாயைப் போல நீளம். எங்கள் பக்கத்துக் கலியாண வீடுகளிலும் மாதா கோயில் பெருநாட்களிலும் எல்லாரையும் ஆட வைக்கிற பைலாப் பாட்டு அது இல்லாமல் நடக்காது. பிள்ளைகள் ஸ்பொன்சர் செய்து ஒக்லாந்துக்கு அழைத்தபோது சில அப்பாமார் அதையும் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். அப்பாமார் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். பான்ஜோக்கள் கராஜுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு வீட்டில் அதன் தோலின் மேல் இன்டர்நெட் மொடத்தை வைத்திருந்தார்கள், சரியான அளவு என்று.

அப்போதுதான் ஒரு கதை கிளம்பியது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் பழைய சாமான் கடையில் சும்மா விலைக்கு ஒரு பான்ஜோ வாங்கி, அதை ஏலத்தில் விற்றாராம். பாபடோயிட்டோயில் அந்தக் கதையைக் கேட்டபோது விலை ஒரு பழைய காராக இருந்தது. எப்சம் போனபோது புதுக் காராகியது. ஹார்பர் பாலம் தாண்டி ஆல்பனிக்குப் போய்ச் சேரும்போது வீட்டுக்குக் கட்டுகிற டிப்போசிட் ஆகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை மொடங்கள் எல்லாம் தரையில் கிடந்தன, பான்ஜோக்கள் தட்டரின் வாசலில் நின்றன.

தட்டருக்குப் பான்ஜோ வாசிக்கத் தெரியாது. அதை ஒருவர் கேட்டே விட்டார்.

"மாட்டு டொக்டருக்குப் புல்லுத் தின்னத் தெரிய வேணுமோ?"

தோலைத் தட்டுவார், மரத்தை மணப்பார், நரம்பு முறுக்குகிற முளையை நுனி நாக்கால் ஒரு தரம் தொடுவார். கட்டணம் மீன் கட்லட். நிபந்தனை இரண்டு. உரித்துக்காரர் எல்லாரும் முன்னால் இருக்க வேண்டும். மழை நாளில் பார்க்க மாட்டார். ஈரத்தில் தோல் இளகிச் சத்தம் மாறிவிடுமாம். விடிய போன் அடிப்பார்: "இண்டைக்குத் தோலுக்குத் தடிமன், மூக்கடைப்பு." ஒக்லாந்தில் மாரி காலத்தில் தடிமன் இல்லாத தோலை எங்கே தேடுவது?

இந்தக் காய்ச்சல் எங்கள் வீட்டுக்கும் வந்தது. என் மாமா, அதாவது ஜெசிந்தாவின் அப்பா, ஒரு பான்ஜோவை விட்டுப் போயிருந்தார். ஆறு மாதம் எங்களோடும், ஆறு மாதம் ஆல்பனியில் தன் மகன் அன்ரனோடும் இருந்தவர், எங்களுடைய ஆறு மாதத்தில் இறந்தார். ஆகவே பான்ஜோ எங்கள் வீட்டில். ஒருவரும் அதை நினைக்கவே இல்லை. கதை பாலம் தாண்டியதும் அன்ரன் தங்கைக்குப் போன் எடுத்தான்.

"அப்பாவின்ர பான்ஜோ உன்னட்டையே இருக்கட்டும் ஜெசி. எனக்கொண்டும் வேண்டாம்."

வேற்று ஆட்களுக்கு இது பெருந்தன்மையாகத் தெரியும். எங்கள் ஆட்களுக்குத் தெரியும், இது யுத்தப் பிரகடனம். ஜெசிந்தா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவனுக்கு வேண்டாமெண்டால் எனக்கு மட்டும் என்னத்துக்கு? கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்கோ."

நான் கூரியர் வான் ஓட்டிப் பிழைக்கிறவன். கொண்டுபோனேன். "உங்களுக்கேன் மச்சான் கரைச்சல்" என்று அன்ரன் அதைத் திரும்ப வானில் ஏற்றினான். அடுத்த கிழமை ஜெசிந்தா மறுபடியும் அனுப்பினாள். இருவருக்கும் அது வேண்டும் என்பதல்ல சங்கதி. வைத்திருக்கிறவர் ஆயுளுக்கும் "அப்பாவின்ர சொத்து உன்னட்டைத்தானே" என்ற சொல்லைக் கேட்க வேண்டும், அதற்கு இருவருமே தயாரில்லை. ஒக்லாந்தில் அந்தப் பாலத்தை அத்தனை தரம் கடந்த வாத்தியம் வேறு இருக்காது.

கடைசியில் பேச்சே நின்றுவிட்டது. மாமா செத்த நாளின் ஆண்டுப் பூசை வந்தபோது ஜெசிந்தா இங்கே ஒரு கோயிலில் பூசைக்குச் சொன்னாள். அன்ரன் அங்கே ஒரு கோயிலில் சொன்னான். ஒரே மனிதருக்கு, ஒரே நாளில், ஒரே நேரத்தில், பாலத்துக்கு இரண்டு பக்கமும் பூசை. சொந்தக்காரர் எல்லாரும் எனக்குப் போன் எடுத்தார்கள். "தம்பி, எதுக்கு வாறது? எதுக்கு வந்தால் யார் கோவிப்பினம்?" இரவில் ஜெசிந்தா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "ரெண்டு பூசை வைச்சால் அப்பா எதுக்குப் போவார்?" என்று கேட்டாள். அது என்னிடம் கேட்ட கேள்வியல்ல.

நான் தட்டரிடம் போனேன்.

"அண்ணை, ஒரு உதவி. வந்து தட்டிப்போட்டு, பாண் வாட்டுற ரோஸ்டர் எண்டு சொல்லிவிடுங்கோ. அது காணும். சண்டை போட ஒண்டுமில்லை எண்டு ரெண்டும் அடங்கும்."

தட்டரின் மூக்கு விடைத்தது. "நான் பொய் விலை சொல்லுற ஆளோ? வாறன். ஆனால் தோல் சொல்லுறதைத்தான் நான் சொல்லுவன்."

பூசைக்கு முந்தின ஞாயிறு வெயில் எறித்தது. தோலுக்குச் சுகம். நிபந்தனைப்படி அன்ரனும் வந்தான். சோபாவின் அந்த முனையில் அவன், இந்த முனையில் ஜெசிந்தா, நடுவில் ஒரு ஆள் இருக்கிற இடைவெளி. அந்த இடைவெளியில் பான்ஜோ.

தட்டர் முதலில் கட்லட்டை முடித்தார். பிறகு விரலை மடக்கினார். டொக். கண்ணைத் திறந்தார். மறுபடி மூடினார். டொக், டொக். மணந்தார். முளையை நக்கினார். அவர் முகத்தில், பிறந்த பிள்ளையைப் பார்த்த அந்தச் சிரிப்பு வந்துவிட்டது.

"இவ்வளவு காலத்தில இப்பிடி ஒரு தோலை நான் காணேல்லை. மற்றதெல்லாம் கத்தும். இது அடக்கமாக் கதைக்குது. பழைய காலத்துப் பதம். இப்ப ஆராலும் ஏலாது." எழுந்து நின்றார். "ஒரு ஹையேஸ் வான். ஓடினது குறைவு."

ரோஸ்டர் எங்கே, வான் எங்கே!

"அப்ப உனக்குத் தெரிஞ்சுதான் வைச்சிருந்தனி" என்றான் அன்ரன்.

"வேண்டாமெண்டு சொன்னது ஆரு? நானோ?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னால் அப்பிடியே பிடிக்கிறதோ?"

"நானும் பேச்சுக்குத்தான் உனக்கு அனுப்பினனான்!"

"செய்தவன்ர முத்திரை உள்ளுக்கிருக்கும், பாப்பம்" என்று தட்டர் தன்பாட்டில் பான்ஜோவைக் கவிழ்த்தார். பின்பலகையைப் பிடித்திருந்தது கையால் திருகுகிற ஒரே ஒரு ஆணி. திருகினார். பலகை வந்தது. பலகையோடு ஒரு சொக்ஸும் வந்தது.

வெள்ளைச் சொக்ஸ், நீலக்கரை போட்டது, பள்ளிக்கூடப் பெடியன் போடுவது. தட்டர் இன்னும் உள்ளே கை விட்டார். சுற்றிவர லேஸ் வைத்த சின்ன ரோஸ் சொக்ஸ் ஒன்று. அதற்கும் பின்னால், ஒரு பழைய சட்டையின் கை, பூப்போட்டது.

சோபாவின் இரண்டு முனைகளும் ஒரே நேரத்தில் முன்னால் குனிந்தன.

"இது என்ர சொக்ஸ்" என்றான் அன்ரன் மெதுவாக. "சோதினைக்குப் படிக்க ஏலாமல் கிடந்தது. சத்தம் குறையட்டும் எண்டு அடைச்சனான்."

"நீயுமோ?" என்றாள் ஜெசிந்தா. "நான் கோயில்ல புது நன்மை எடுக்கப் போட்ட சொக்ஸை அடைச்சிட்டு, துலைஞ்சுபோச்செண்டு அம்மாவிட்டை அடி வாங்கினனான்."

"அடிச்ச அம்மாவின்ர சட்டைக்கையும் கிடக்கு, பார்."

இங்கே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். மாமா பான்ஜோ வாசிப்பது பொல்லாத வாசிப்பு. அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு பைலா மெட்டு, அதிலும் முன்பாதி. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தடக்குப்பட்டு நிற்பார். நின்று ஒரு வசனம் சொல்வார். அந்த வசனத்தை இப்போது அண்ணனும் தங்கையும் ஒரே மூச்சில் சொன்னார்கள்:

"பொறுங்கோ பிள்ளையள், தோல் கொஞ்சம் இளகிப்போச்சு!"

ஜெசிந்தா சிரித்தாள். அன்ரன் சிரிக்கத் தொடங்கி எங்கேயோ தடம் மாறி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"இவ்வளவு காலமும் ஒருக்காலும் திறந்து பாக்கேல்லையோ, அப்பா?"

"பாத்திருப்பார்" என்றாள் ஜெசிந்தா.

எனக்கு அப்போதுதான் தட்டரின் நினைவு வந்தது. பழைய காலத்துப் பதம் என்று அவர் சொன்ன அடக்கம் முழுவதும் கம்பளத்தில் கிடந்தது, மூன்று துண்டாக. வேறு ஒருவராக இருந்தால் எழுந்து போயிருப்பார். தட்டர் ஒரு சொக்ஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகத்தில் ஒரு கோடு மாறவில்லை.

"இருந்த ஒழுங்கிலேயே திரும்ப வையுங்கோ" என்றார். "கழட்டினால் விலை விழுந்திடும்."

வைத்தார்கள். முதலில் சட்டைக் கை, பிறகு ரோஸ், பிறகு நீலக்கரை. ஆணியை அன்ரன் திருகினான், ஜெசிந்தா பலகையைப் பிடித்தாள்.

பூசை ஒன்றுதான் நடந்தது, எங்கள் பக்கத்துக் கோயிலில். சாப்பாடு ஆல்பனியில். அத்தனை பேரும் பசியோடு பாலம் தாண்டினோம். பூசையில் அண்ணனும் தங்கையும் ஒரே வாங்குப் பலகையில் முழங்காலிட்டிருந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். பான்ஜோ இப்போது ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே, மாமா இருந்தது போலவே. ஏற்றி இறக்குவது நான், அதுவும் மாமா காலத்தைப் போலவே.

மனம் கேட்காமல், ஒருநாள் வழியில் நகரத்து இசைக்கருவிக் கடை ஒன்றில் அதைக் காட்டினேன். கடைக்காரர் திறந்தார், எல்லாவற்றையும் வெளியே எடுத்து மேசையில் வைத்தார், பார்த்தார், விலை சொன்னார். அந்தக் காசுக்கு ஒரு ரோஸ்டர் வாங்கலாம். நாலு துண்டு பாண் போடுகிற நல்ல ரோஸ்டர்தான், குறை சொல்லக்கூடாது. வந்து தட்டரிடம் சொன்னேன்.

"சொக்ஸைக் கழட்டினாப்பிறகோ பாத்தவன்?"

"ஓம் அண்ணை."

"அதுதானே!" என்றார் தட்டர்.

போன வருடம் அவரை பிரிஸ்பேனில் இருக்கிற மகள் அழைத்துக்கொண்டு போய்விட்டாள். விமான நிலையத்துக்கு என் வானில்தான் ஏற்றிப் போனேன். பெட்டிகளைத் தானே ஒவ்வொன்றாகத் தட்டி ஓடும் பட்டியில் வைத்தார். வரிசையில் நின்ற ஒரு வெள்ளைக்கார அம்மாவின் பெட்டியையும் தட்டி, கருவாடு இல்லை என்று எனக்குக் கண் காட்டினார். பிறகு என்னைக் கட்டிப்பிடித்தார். பிடித்த கை முதுகில் சும்மா இருக்கவில்லை. டொக், டொக். தலையை ஒரு பக்கம் சரித்துக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"என்ன விலை அண்ணை?" என்றேன்.

"உள்ளுக்கு என்னவோ அடைச்சுக் கிடக்கு" என்றார் தட்டர். "எடுக்காதையும். கிடக்கட்டும்."

நான் எடுக்கவில்லை. கிடக்கிறது.