துரையின் படகுக் கக்கூசும் பூட்டினியோ அண்ணரும்

கொழும்புத் துறைமுகத்தில் ஒரு படகு மிதக்கிறதென்றால் அதற்குக் கடல் காரணமல்ல, பூட்டினியோ அண்ணர்தான் காரணம். இதை நான் சொல்லவில்லை, அவரே சொன்னார். அதுவும் தினந்தோறும், நாங்கள் சோற்றில் கைவைக்கும் நேரம் பார்த்துச் சொன்னார்.

வெள்ளைக்காரன் இலங்கையை ஆண்ட கடைசிக் காலம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்த கல்யாணமாகாத ஆண்கள் நாலைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் வீட்டைச் 'சமறி' என்பார்கள். எங்கள் சமறி வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்தது. நாங்கள் எல்லோரும் கந்தோரில் பேனா பிடிக்கிற கிளாக்கர்மார். அண்ணர் மட்டும் துறைமுகத்தில், துரைமாரின் பாய்ப்படகுகளைத் திருத்தும் பட்டறையில் ஃபிட்டர். பாய்க்கும் கொடிமரத்துக்கும் அங்கே வேறு ஆட்கள் இருந்தார்கள். அண்ணரின் இலாகா படகுக் கக்கூசு.

அதை ஒரு குறையாக அவர் நினைத்ததே இல்லை. கவர்னர் உத்தியோகம் காலியாக இருக்கிறது, வருகிறீர்களா என்று கேட்டிருந்தாலும் யோசித்துத்தான் பதில் சொல்லியிருப்பார்.

"இஞ்சை பாருங்கோ, இந்தச் சொதிக் கோப்பைதான் கக்கூசு எண்டு வையுங்கோ."

"அண்ணை, சொதியை விடுங்கோ. நான் இன்னும் ஊத்தேல்லை" என்பான் குணரத்தினம். தபால் கந்தோரில் வேலை செய்தவன், கொஞ்சம் அசூசைக்காரன்.

"பொறும் தம்பி. படகின்ரை அடியிலை ரெண்டு ஓட்டை. ஒண்டாலை கடல் தண்ணி உள்ளை வரும், மற்றதாலை எல்லாம் வெளியிலை போகும். நடுவிலை ஒரு கைப்பம்பு. ரெண்டு ஓட்டைக்கும் வால்வு இருக்கு. இருந்து எழும்பின துரை வால்வைப் பூட்டாமல் போனால் என்ன நடக்கும்? கடல் மெல்ல மெல்லக் கோப்பைக்குள்ளாலை ஏறி வரும். விடிய எழும்பிப் பாத்தால் படகு தண்ணிக்குக் கீழை!"

சொல்லி முடித்துவிட்டுச் சொதியை ஊற்றிக்கொள்வார். குணரத்தினம் ஊறுகாயோடு எழும்பிவிடுவான்.

எங்கள் பேச்சில் கதவையும் பூட்டுவோம், தண்ணீர்ப் பைப்பையும் பூட்டுவோம். அண்ணர் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பூட்டச் சொன்னார். குளித்துவிட்டு வருகிறவனிடம் "பூட்டினியோ?" மைப் போத்தலைத் தொட்டவனிடம் "பூட்டினியோ?" கோட்டைக்குப் போகும் ரயிலில், முன்பின் தெரியாத ஒரு பெரியவரின் குடையைப் பார்த்துக்கூடக் கேட்டார். இப்படித்தான் அவருடைய சொந்தப் பெயர் காணாமற்போனது.

இதனால் அவருக்குக் கல்யாணக் கதவும் பூட்டிக்கொண்டது. ஒருதரம் பெண் பார்க்கப் போன இடத்தில் கிணற்றடியில் பைப் சொட்டுகிற சத்தம் கேட்டிருக்கிறது. மனிதர் பலகாரத்தட்டை வைத்துவிட்டு எழும்பிப் போய்ப் பைப்பையே கழற்றிவிட்டார். பெண் வந்து நின்றபோது மாப்பிள்ளையின் முதுகுதான் தெரிந்ததாம். அந்தச் சம்பந்தம் அன்றே குழம்பியது. தலைமயிர் நரைக்கத் தொடங்கிய பிறகு அவர் கல்யாணம் பற்றிக் கதைப்பதை விட்டுவிட்டார். ஆனால் எங்களில் யாருக்காவது கல்யாணக் கடிதம் வந்தால் அன்றைக்கு அவருடைய சாப்பாட்டுப் பேச்சில் கக்கூசு வராது. எங்களுக்கு அது மிகவும் கஷ்டமாக இருக்கும்.

அந்த வருடம் வைகாசியில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்க, வழக்கம்போலப் படகுகளைக் கரையேற்றினார்கள். அவற்றில் ஒன்று அண்ணரின் துரை ஒருவர் சீமையிலிருந்து கொண்டுவந்த படகு. கூடவே ஒரு புத்தகமும் வந்திருந்தது. குளிர்காலத்துக்கு முன்னர் கக்கூசிலிருந்து தண்ணீரைச் சொட்டில்லாமல் வடிக்க வேண்டும், இல்லாவிட்டால் உறைந்து பம்பு வெடித்துவிடும் என்று அதில் போட்டிருந்தது. அப்படியே செய்யவேண்டும் என்பது துரையின் கட்டளை.

"கொழும்பிலை தண்ணி உறையுமோ அண்ணை?" என்று கேட்டேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

"துரை சொன்னால் உறையும்" என்றார். பிறகு குரலைத் தணித்து, "இஞ்சை உறையாது. உப்புப் படியும், பம்புக்குள்ளை இருக்கிற தோல் வாசர் காய்ஞ்சு வெடிக்கும். எதுக்கெண்டாலும் வடிக்கத்தானே வேணும்" என்றார்.

பட்டறைக் கூரை ஒழுகியதால் பம்பைச் சமறிக்குக் கொண்டுவந்து, பேப்பர் விரித்து, எங்கள் சாப்பாட்டு மேசையில் கழற்றினார். நாங்கள் ஒரு கிழமை விறாந்தையில் இருந்து சாப்பிட்டோம். தோலுக்கு மாட்டுக்காலிலிருந்து எடுக்கும் எண்ணெய் பூசவேண்டும் என்பது புத்தகத்தின் விதி. அண்ணர் வெள்ளிக்கிழமை விரதக்காரர். அந்தப் போத்தலைத் தொடமாட்டேன் என்றுவிட்டார். ஊரிலிருந்து வந்த நல்லெண்ணெயை எடுத்துத் தாராளமாகப் பூசினார்.

"தோலே மாட்டுத்தோல்தானே?" என்றான் குணரத்தினம்.

"தோல் துரையின்ரை. கை என்ரை."

பம்பு திரும்பிப் படகில் ஏறியது. படகு கொட்டகைக்குள் மழைக்காலம் முழுவதும் கிடந்தது.

ஐப்பசியில் படகுகள் கடலில் இறங்கிய நேரத்தில் ஒரு சம்பந்தம் வந்தது. கொட்டாஞ்சேனையில் இருந்த பெண், தாய்மாமன்தான் பொறுப்பு. நாங்கள் தரகரிடம் மாப்பிள்ளை 'துறைமுக இஞ்சினியர்' என்று சொல்லிவைத்தோம். ஞாயிற்றுக்கிழமை மாமன் வருவார், கக்கூசு என்ற சொல்லே வாயில் வரக்கூடாது என்று அண்ணரிடம் சத்தியம் வாங்கினோம். வாங்கிய பிறகு அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, அந்தப் பிள்ளைக்குக் கடல் பிடிக்குமோ?" என்று கேட்டார். இந்த முறையாவது சரிவர வேண்டும் என்று நான் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன்.

மாமன் வந்தார். நல்ல மனிதர். உள்ளே வந்து இருந்தவர், எழும்பிப் போய்க் கேற்றைக் கொளுவிவிட்டு வந்து மறுபடி இருந்தார். "பழக்கமாப் போச்சு" என்று சிரித்தார்.

"தம்பிக்கு ஹார்பரிலை என்ன பகுதி?"

அண்ணர் எங்களைப் பார்த்தார். "தண்ணிப் பகுதி" என்றான் குணரத்தினம் அவசரமாக.

"உள்ளை வாற தண்ணியோ, வெளியிலை போற தண்ணியோ?"

"ரெண்டும்" என்றார் அண்ணர். அவரால் பொய் சொல்ல முடியாது.

அந்த நேரம் பார்த்துத் துரையின் கார் வந்து நின்றது. சிங்கள டிரைவர் ஓடிவந்தான். "அய்யே! இக்மனட்ட எண்ட! போட் எக கிலெனவா!" படகு தாழ்கிறது, உடனே வா என்கிறான். எந்தப் படகு, எந்த ஓட்டை என்று அண்ணருக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை. கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டது. அங்கே வால்வைப் பூட்டவும் திறக்கவும் திருப்புகிற திறப்பு இருந்தது. மற்றவர்களை நம்பாமல் அதை எப்போதும் தன்னோடே கொண்டு திரிவார்.

"இருங்கோ அண்ணை, சம்பந்தம்!" என்று நான் அவர் காதுக்குள் சொன்னேன்.

"படகு தாழுது தம்பி" என்று சொல்லிவிட்டு, பட்டுக்கரை வேட்டியோடு காரில் ஏறினார். மாமனும், "நானும் வாறன், வேலை செய்யிற இடத்தைப் பாப்பம்" என்று பின்னால் ஏறினார். நானும் ஏறினேன்.

துறைமுகத்தில் துரை தன் தொப்பியால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். அண்ணர் ஒரு சின்ன வள்ளத்தில் போய், அதிலிருந்து படகுக்குத் தாவி, உள்ளே ஊர்ந்து போய்க் கதவுக்கப்பால் மறைந்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய குரல் மட்டும் துறைமுகம் முழுவதற்கும் கேட்டது: "கக்கூசு வால்வு பூட்டியாச்சு! இனிப் பயமில்லை!" நான் மாமனின் முகத்தைப் பார்க்காமல் கப்பல்களைப் பார்த்தேன்.

தோள்வரை நனைந்து வெளியே வந்தவர், பிழை தன்னுடையது என்று துரையிடம் ஆங்கிலத்தில் சொன்னார். துரை ஏதோ உறுமிவிட்டுப் போய்விட்டார். கரைக்கு வந்ததும் அண்ணர் அதையே எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"நல்லெண்ணெய் மணத்துக்கு எலி வந்து தோலைத் திண்டிருக்கு. பம்பு அடிக்கத் தண்ணி வந்தது எண்டு நான் கழட்டிப் பாக்கேல்லை. எண்டாலும் வால்வு பூட்டியிருந்தால் ஒண்டும் நடந்திராது. நேற்றுச் சோதிச்சுப்போட்டு நான்தான் பூட்டேல்லை, தம்பி. உலகத்துக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான், நான் பூட்டேல்லை."

"ஏன் அண்ணை?"

"தரகர் தந்த ஃபோட்டோவைப் பாத்துக்கொண்டு நிண்டிட்டன்."

மாமன் தொண்டையைச் செருமினார். "அப்ப தம்பி இஞ்சினியர் இல்லை?"

"இல்லை ஐயா. கக்கூசு ஃபிட்டர்."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மாமன் அலைகளைப் பார்த்தபடியே கதைத்தார். "நாங்களும் ஒண்டை மறைச்சுப்போட்டம் தம்பி. என்ரை மருமேள் தங்கமான பிள்ளை. ஆனால் கதவு பூட்டினதோ எண்டு படுக்கையாலை எழும்பி எழும்பிப் பாப்பாள். கோயிலுக்கு வெளிக்கிட்டால் அடுப்பு அணைச்சதோ எண்டு பாதி வழியிலை திரும்பி ஓடுவாள். முந்தி வந்த சம்பந்தக்காரர் பைத்தியம், விசர் எண்டு சொல்லிப்போட்டுப் போட்டினம்."

அண்ணருக்கு வந்த கோபத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "ஆர் விசர் எண்டது? பூட்டினதோ எண்டு பாக்கிறது விசரோ?" என்று சத்தம் போட்டார். பிறகு சத்தம் தணிந்தது. "ஐயா, அவவிட்டைச் சொல்லுங்கோ. ஏன் பாக்கிறாய் எண்டு நான் ஒருநாளும் கேக்கமாட்டன். நானும் கூட எழும்பிப் பாப்பன்."

மாமன் சால்வையால் கண்ணைத் துடைத்தார். நானும் துடைத்தேன், என்னிடம் சால்வை இல்லாததால் கையால்.

தையில் கல்யாணம் நடந்தது. கொட்டாஞ்சேனையில் குடியிருந்தார்கள். நாங்கள் விருந்துக்குப் போய்த் திரும்பும்போது இரண்டு பேரும் கேற்றடிவரை வந்து, "பூட்டினியளோ?" என்று ஒரே குரலில் கேட்பார்கள். அவர் போன பிறகு சமறியில் பைப் சொட்டியது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சோறுகூட நிம்மதியாகச் சாப்பிட்டோம். ஆனால் அந்த நிம்மதி எங்களில் ஒருவனுக்கும் பிடிக்கவில்லை.

அண்ணர் இப்போது இல்லை. வீட்டைவிட்டு வெளிக்கிடும்போது நான் பைப்பை ஒருதரம் தொட்டுப் பார்ப்பேன். பார்த்துவிட்டு, "பூட்டினனான் அண்ணை" என்று வாய்விட்டுச் சொல்லித்தான் படியிறங்குவேன்.