பத்தாவது பாட்டு

"மன்னிச்சுக்கங்க டீச்சர், விரல் வழுக்கிடுச்சு" என்றான் தைரியராஜ்.

வழுக்கவில்லை. வேண்டுமென்றேதான் பியானோவில் தப்பான கட்டையை அழுத்தினான். ஒன்பது பாட்டு முடிந்துவிட்டது. பத்தாவதும் முடிந்தால், பாக்கியமேரி டீச்சர் ஞாயிறுதோறும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறித் தென்னூரில் அவன் வீட்டுக்கு வரவேண்டிய அவசியமே இல்லை.

ஜாஸ் பாட்டுகள். அவள் பாட, அவன் பியானோ வாசிக்க, இரண்டு பேர் பெயரும் போட்டு ஒரு கேசட் என்பது டீச்சரின் யோசனை. பொன்மலை ரயில்வே காலனியிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஒரு குடும்பத்திடம் அப்பா வாங்கிப் போட்ட பியானோ அது. டீச்சர் இங்கிலீஷில் காதலை உருகிப் பாடும்போது, பியானோ 'நானும்தான்' என்று பதில் சொல்லும். தைரியராஜின் வாய் மட்டும் 'காப்பி சாப்பிடறீங்களா டீச்சர்?' என்பதைத் தாண்டியதே இல்லை. தைரியத்தையெல்லாம் பெயரிலேயே செலவழித்துவிட்ட மனிதன்.

"பரவால்ல சார், அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்றாள் டீச்சர்.

"இதுவரைக்கும் பதிஞ்சதைக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்களேன் பாய்" என்றான் தைரியராஜ்.

ரெக்கார்டிங் கடை தாஜுதீன் மெஷினை மூடினார். "அரைகுறையாக் கேட்டா ராசியில்ல தம்பி. மொத்தமா முடியட்டும்."

அடுத்த ஞாயிறு அவள் வருவதற்குள் ஒரு கம்பியைத் தளர்த்தி வைத்தான். பியானோ அழுதது. "சே, இன்னிக்கும் முடியாது போலிருக்கே" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். உள்ளே ஒரே கொண்டாட்டம்.

கொண்டாட்டம் ஒரு வாரம்தான். அதற்கடுத்த ஞாயிறு டீச்சர் தனியாக வரவில்லை. நாடகக் கம்பெனிகளுக்கு ஆர்மோனியம் ரிப்பேர் செய்யும் மருதையையும் கையோடு கூட்டிவந்தாள்.

"ஆர்மோனியத்துக்கு இது அண்ணன்தானேங்க" என்ற மருதை, தடுக்கத் தடுக்கக் கட்டைகளையெல்லாம் உருவிக் கட்டிலில் பரப்பினார். திரும்பப் பொருத்தியபோது ஒரு கட்டை மிஞ்சியது.

"இது எங்கேர்ந்துங்க வந்தது?" என்று தைரியராஜிடமே கேட்டார்.

அதன்பிறகு பியானோவில் எதை வாசித்தாலும் இழவு வீடு போல இருந்தது. டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு இனிமே சிரமம் வேணாம் சார். எங்க ஸ்கூலுக்குப் புதுசா ஒரு சார் வந்திருக்கார். கிடார் நல்லா வாசிப்பாராம். கடைசிப் பாட்டை அவரோட பாடி முடிச்சிடறேன்."

தைரியராஜ் ஓடிப்போய் வாசலை மறித்தான். "ஒரே ஒரு வாரம் பொறுங்க டீச்சர்! நானே சரி பண்ணிடறேன்."

அந்த வாரம் முழுக்க, பேங்க் விட்டு வந்ததும் ஸ்பானரோடு பியானோவுக்குள் தலையை விட்டான். "பேசாம அதுக்குள்ளயே பாயைப் போட்டுப் படுத்துக்கடா" என்று அம்மா சலித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பியானோ குழந்தை போல இணங்கியது. ஒரு பிசகு இல்லாமல் வாசித்தான். அவளும் கண்ணை மூடிப் பாடி முடித்தாள். தாஜுதீன் மெஷினை அணைத்து ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

ஐயோ, முடிந்தேவிட்டது!

"அப்ப நான் வரேன் சார். பஸ்ஸைப் பிடிக்கணும்" என்றாள் டீச்சர்.

"டீச்சர், காப்பி..."

"குடிச்சாச்சு சார்."

இருந்த ஒரே வசனமும் போயிற்று. அவள் வாசல்படி இறங்கிவிட்டாள்.

"டீச்சர்!" என்று கத்தினான். "வேணும்னேதான் தப்பா வாசிச்சேன். கம்பியைத் தளர்த்தினதும் நான்தான். பாட்டு முடிஞ்சா நீங்க வரமாட்டீங்களேன்னுதான்... என்னைக் கல்யாணம் பண்ணிக்கறீங்களா?"

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. பாக்கியமேரி திரும்பி நின்று, கண்ணில் நீர் தளும்பச் சிரித்தாள்.

"அப்பாகிட்ட வந்து பேசுங்க" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பற்றிய கவலையே இல்லாதவளாக மெதுவாக நடந்து போனாள்.

தைரியராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை. "பாய், இப்பவாவது போடுங்க பாய், கேட்கலாம்" என்று தானே மெஷினைத் திறந்தான். உள்ளே காலியாக இருந்தது.

"என்ன பாய் இது, கேசட்டையே காணோம்?"

தாஜுதீன் ஒயர் சுற்றுவதை நிறுத்தவில்லை. "அது எங்க போகுது தம்பி, முதல் ஞாயித்துக்கிழமை ஒத்திகையிலயே பத்துப் பாட்டும் பதிஞ்சு டீச்சர் கைப்பையில பத்திரமா இருக்கு, நீங்க வாயைத் தொறக்குற வரைக்கும் மெஷினைச் சும்மா ஓட்டுங்க பாய்னு அவங்கதான் சொல்லிவச்சாங்க."