பேஸ் கிடார் ஏந்திய படலம்

இரும்புக் கயிற்றில் தொங்கும் பெட்டிகளை விண்ணுக்கும் மண்ணுக்கும் நடுவே நடத்திவைப்போனை, அடைத்த கதவுகளின் இடுக்கில் விரல் நுழைத்து அடைபட்டோரை மீட்போனை, எத்தனை சோப்பு போட்டாலும் கிரீஸ் நீங்கா நகத்தோனை, லிப்ட் மெக்கானிக் என்று உலகோர் சுருக்கமாக அழைக்கும் அந்த மாவீரனை வணங்கி இவ்வரலாற்றைத் தொடங்குகிறேன். இசைக்குரிய தெய்வம் எதுவாயினும் அது என் நாவில் வந்து அமர்க. அமர இடம் போதாதெனில் சற்று நின்றுகொண்டேனும் இருக்க. ஆறு கம்பிகளை உயிரெனக் காதலித்த ஒருவன் நான்கு கம்பிகளைக் கையில் ஏந்தியது எவ்வாறு என்பதை நான் சொல்லியாக வேண்டும்.

அவனுடைய அக்காளும் அவள் கணவரும் சலவைக் கடை ஒன்றை ஆண்டுவந்தனர். ஏழு சலவை இயந்திரங்களும் நான்கு உலர்த்தும் இயந்திரங்களும் படைவீரர்போல் இருபுறமும் அணிவகுத்து நின்ற அக்கூடம், ஞாயிறுதோறும் ஷட்டர் இறங்கி ஓய்வு கொள்ளும். அத்தகைய ஒரு ஞாயிறன்று நம் வீரன் தன் மின்கிடாரை அங்கே கொண்டுசென்றான். அக்காள் கணவரான மாமா, நீராவிப் படலத்தின் நடுவே நின்றும் சட்டையின் மடிப்புக் குலையாப் பெருந்தகை, அதைக் கண்டார். கண்டவர் மாடியேறி, திருமணத்தன்று அலமாரிமேல் ஏற்றிவைத்த தம் பழைய கிடாரைப் பதினொரு ஆண்டுத் தூசியோடு இறக்கி வந்தார். ஞாயிறு விடுமுறை என்பதை மறந்து கால்சட்டையை வாங்கிப்போக வந்த கணக்கு வாத்தியார் ஒருவர் அவ்வொலி கேட்டு நின்றார்; மறுவாரம் தம்முடைய கிடாரோடு வந்தார்; அன்றுதொட்டு வாத்தி என்றே வழங்கப்பட்டார்.

மூன்று கிடார்களும் ஒரே பாட்டை மூன்று திசைகளில் இழுத்துச் சென்றுகொண்டிருந்த நான்காம் வாரத்தில், மறுநாள் சலவைக்கெனத் தன் சிகிச்சையகத்தின் துண்டுகளை மூட்டையாய்ச் சுமந்து பிசியோதெரபிஸ்ட் ஒருத்தி வந்தாள். உறைந்த தோள்களை உருக்குபவள். முறுகிய முதுகுகளை நிமிர்த்துபவள். கருணை என்பதைக் கட்டணத்தில் சேர்க்காதவள். மூட்டையை இறக்கிவைத்து முழுப் பாட்டையும் கேட்டபின் அவள் மொழிந்தாள்:

"நடுவுல ஒருத்தர் எண்ணணும். அடுத்த வாரம் என் டிரம்ஸைக் கொண்டு வர்றேன்."

இவ்வாறு நால்வர் அணி பிறந்தது. பெயர்சூட்டும் பொறுப்பை எவரும் ஏற்கவில்லை. கடைச் சுவரில், 'சாயம் போனால் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகை தொங்கியது. அதன் பின்பாதியே அணியின் பெயராயிற்று. 'நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற அத்திருப்பெயரை அக்காள் மட்டும் இறுதிவரை ஏற்கவில்லை.

ஆறு திங்கள் கடந்தன. மதயானை மூன்று ஒரே குளத்தில் இறங்கிக் கலக்கினாற்போல மூன்று கிடார்களும் ஒலித்தன. பிசியோ ஒருநாள் குச்சிகளைக் கீழே வைத்தாள்.

"இந்தப் பாட்டுல சதை நிறைய இருக்கு. முதுகெலும்பு இல்ல."

அடுத்த வாரம், வெளிநாடு போய்விட்ட தன் தம்பி விட்டுச்சென்ற பேஸ் கிடாரை எடுத்துவந்து மூன்றாம் உலர்த்தும் இயந்திரத்தின்மேல் சாய்த்துவைத்தாள். நீண்ட கழுத்தும் நான்கே தடித்த கம்பிகளும் உடைய அதை, உறவினர் வீட்டு விசேஷத்தில் கடன் கேட்கக்கூடிய ஒருவரைப் பார்ப்பதுபோல் மூவரும் பார்த்தனர், பிறகு பார்க்காதிருந்தனர். பேஸ் வாசிப்பவன் பின்னால் நிற்பான்; அவன் பெயரை எவரும் கேட்கமாட்டார்; அவன் வாசிக்கிறானா என்பதே பலர்க்குத் தெரியாது. இவ்வுண்மையை மூவரும் அறிந்திருந்தனர்.

"கடை என்னுது," என்றார் மாமா.

"எனக்கு விரல் குட்டை," என்றார் வாத்தி.

"நானா? ஸோலோ யார் வாசிக்கறது?" என்றான் நம் வீரன்.

ஐந்து ஞாயிறுகள் இப்படியே வீணாயின. வாத்தியும் மாமாவும் முகம்கொடுத்துப் பேசுவதை நிறுத்தினர். அணி கலையும் நிலை வந்தபோது பிசியோ தீர்ப்புரைத்தாள்: வரும் ஞாயிறு நான்கு மணிப் பயிற்சிக்கு மூவருள் எவர் கடைசியாக வருகிறாரோ அவரே பேஸ் ஏந்துக; ஒருங்கே வந்தால் அடுத்த ஞாயிறு மீண்டும் மோதுக.

அந்தோ, அத்தீர்ப்பு மூட்டிய பெரும்போரை என்னென்பேன். முதல் ஞாயிறு மூவரும் மூன்றரைக்கே வந்து ஷட்டர் வாயிலில் தோளொடு தோள் நெருக்கி ஒருசேர நுழைந்தனர். வெற்றி தோல்வி இல்லை. இரண்டாம் ஞாயிறு பகல் இரண்டு மணிக்கு. மூன்றாம் ஞாயிறு பதினொன்றரைக்கு. கடைமேல் குடியிருக்கும் மாமா உறக்கத்திலும் முதலிடத்தில் இருக்கிறார் என்று வாத்தி முறையிட, மாமா பேருந்து நிறுத்தம்வரை சென்று திரும்பினால் மட்டுமே வந்ததாகக் கொள்ளப்படும் என்று விதி திருத்தப்பட்டது. ஆதலின் ஐந்தாம் ஞாயிறு, கதிரவன் கண் விழிக்குமுன், கடையின் உரிமையாளர் தம் கடைக்கே வந்துசேரும்பொருட்டுத் தோளில் கிடார் தொங்க ஆளில்லாப் பேருந்து நிறுத்தத்தில் நின்றார். மூவரும் அன்றும் ஒருசேர வந்தனர். சத்தம் கேட்டு அக்காள் மாடிச் சன்னலைத் திறந்தாள்.

"ஏங்க, வீட்டுக்குள்ள இருந்த ஆளு எதுக்கு வெளிய போயிட்டு உள்ள வர்றீங்க?"

அப்பெருந்தகை தோளில் கிடாரைச் சரிசெய்துகொண்டு ஷட்டரைத் தூக்கினார்.

ஆறாம் ஞாயிறு விடிந்தது. நம் வீரன் ஐந்தேகாலுக்கே புறப்பட்டான். பாதையில் எதிரி எவனும் இல்லை. வெற்றி அவன் செருப்பின் வாரில் கட்டுண்டு கிடந்தது. அப்போது கைப்பேசி ஒலித்தது. ஓர் அடுக்கக லிப்ட் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே வீடு மாறும் தம்பதியர், அவர்களோடு இரட்டைக் கட்டில் மெத்தை ஒன்று. அன்று அவனுடைய முறை அல்ல. முறைக்குரியவன் போனை எடுக்கவில்லை. எடுத்தவன் இவன்.

இடப்பக்கம் சாலை சலவைக் கடைக்குச் சென்றது, வலப்பக்கம் அடுக்ககத்துக்கு. போர்க்களத்தில் உறவினரைக் கண்டு வில் நழுவவிட்ட வீரனேபோல அவன் அம்முச்சந்தியில் ஒரு நிமிடம் நின்றான். ஆறு கம்பியும் அவன் கண்முன் தோன்றி மினுக்கின. பிறகு வலப்பக்கம் திரும்பினான்.

அடுக்ககத்தில் மின்சாரத்தை நிறுத்தி, ஐந்தாம் மாடிக் கதவைத் திறந்து, முழங்காலிட்டுக் குனிந்தான். ஒரு சாண் இடைவெளியில் மெத்தையும், மெத்தைக்கும் சுவருக்கும் இடையே ஒரு பெண்ணின் அரை முகமும் தெரிந்தன. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"கயிறு அறுந்துடுமாங்க?"

"அறாதும்மா. அஞ்சு கயிறு இருக்கு. ஒண்ணே தாங்கும்."

"அப்ப மீதி நாலு எதுக்கு?"

"நீங்க பயப்படாம இருக்கத்தான். மெத்தைமேல சாஞ்சுக்குங்க, இதோ வந்துட்டேன்."

மொட்டைமாடி மோட்டார் அறைக்கு ஏறி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுழற்றி, பெட்டியை அங்குலம் அங்குலமாக இறக்கினான். நான்காம் மாடியில் கதவு திறந்ததும் கணவன் முதலில் மெத்தையை வெளியே தள்ளினான். அதன் விளைவாக அத்தம்பதியரிடையே மூண்ட போர் வேறொரு காவியத்துக்கு உரியது.

அவன் சலவைக் கடையை அடைந்தபோது மணி ஏழே கால். மாமாவும் வாத்தியும் படியில் அமர்ந்திருந்தனர். அவன் கையில் புதிதாய்ப் படிந்த கிரீஸை இருவரும் பார்த்தனர்.

"யாராவது மாட்டிக்கிட்டாங்களா?" என்றார் வாத்தி.

"ஆமா."

"அப்ப இது செல்லாது. அடுத்த வாரம் மறுபடி வச்சுக்கலாம்."

"வேணாம் வாத்தி. இனிமே என்னால அஞ்சு மணிக்கு எழுந்திருக்க முடியாது."

இவ்வாறு கூறிய அத்தியாகச் செம்மல் உள்ளே சென்று, மூன்றாம் உலர்த்தும் இயந்திரத்தின்மேல் மூன்று திங்களாய்ச் சாய்ந்திருந்த பேஸ் கிடாரை எடுத்துத் தோளில் மாட்டினான். மாமா அன்று மாலைவரை அவன் கண்ணைப் பார்க்கவில்லை. வாத்தி மட்டும் அவன் கிடாரைத் தம் கைக்குட்டையால் துடைத்து உறையிலிட்டுக் கொடுத்தார்.

கொப்புளங்களின் காலம் தொடர்ந்தது. தடித்த கம்பிகள் அவன் விரல்நுனிகளை உரித்தன. உரிந்த இடத்தில் கிரீஸ் எரிந்தது. வீட்டில் அவன் பயிலும்போது, சுவரில் யாரோ தட்டுகிறார்கள் என்று அவன் மனைவி இருமுறை கதவைத் திறந்து பார்த்தாள்.

இரண்டாம் ஆண்டில் முதல் அரங்கேற்றம் வாய்த்தது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றின் பத்தாம் ஆண்டு நிறைவு. எட்டு வடிவில் கார் ஓட்டிப் பழகும் மைதானம். மடக்கு நாற்காலிகளில் முப்பத்தொருவர். இரண்டாம் பாட்டின் நடுவே, பள்ளியின் முதல்வர் தம் நாற்காலியைச் சற்றே பின்னிழுக்க, அதன் கால் ஒரு வயரில் சிக்க, நம் வீரனின் பேஸ் ஊமையாயிற்று. கேட்போர் எவரும் அதை உணரவில்லை. ஆனால் அந்நொடியே மாமா திரும்பினார், வாத்தி திரும்பினார், அடிப்பதை நிறுத்தாமலே பிசியோவும் திரும்பினாள். மூன்று முகங்களிலும் ஒரே அச்சம் இருந்தது. அவன் குனிந்து வயரைச் சொருகினான். மூவரும் மீண்டும் முன்னோக்கித் திரும்பினர்.

சாமான்களை வேனில் ஏற்றும்போது மாமா அவனருகே வந்தார். உள்ளத்தில் உள்ளதை உரைத்துப் பழகாத அப்பெருந்தகை, ஒலிபெருக்கியின் ஒரு முனையைத் தூக்கியபடியே சொன்னார்:

"மாப்ள, நீ நின்னதும் காலுக்கடியில தரையே இல்லாத மாதிரி ஆயிடுச்சு."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு மாமா."

"ஸோலோவை வேணா நீ எடுத்துக்க. நான் பேஸுக்கு வர்றேன்."

அவன் மறுமுனையைத் தூக்கினான். இத்தனை நாள் ஏக்கம் ஒருபுறமும் அம்மூன்று முகங்கள் மறுபுறமும் நின்று மல்லாடின.

"இருக்கட்டும் மாமா. பழகிடுச்சு."

அதன்பின் 'நிர்வாகம் பொறுப்பல்ல' அணியின் புகழ் திசைகளை, குறைந்தது இரண்டு திசைகளையேனும், தொட்டது. டயர் கடைத் திறப்பு, பல்மருத்துவர் சங்கக் கூட்டம், மழையால் பாதியில் நின்ற ஒரு புத்தகச் சந்தை என ஒன்பது களங்கள் கண்டனர். மூன்றாம் ஆண்டின் இறுதியில், விளக்கொளி வெள்ளத்தில் அணி முழங்கி நின்ற கோலத்தை ஒரு மாலை நாளிதழ் கால் பக்கத்தில் வெளியிட, அக்காள் அதைச் சட்டமிட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினாள். நடுவே மாமா, புயலில் நின்ற பெருமரம்போல் நிமிர்ந்து; வலப்பக்கம் வாத்தி, விண்மீனைக் குறிவைத்த வில்லாளிபோல் கிடார் உயர்த்தி; பின்னே பிசியோ, இரு குச்சிகளும் இடியெனத் தலைக்குமேல் ஓங்க.

இடது ஓரத்தில் தெரிகிற கை அவனுடையது.