பகடிக்கும் நையாண்டிக்கும் நடுவே ஒரு துடைப்பம்

மறுநாள் மாலை குடியிருப்பின் ஆண்டுவிழா. அதில் தன் மானம் மேடையேறப் போகிறது என்ற செய்தி, சனிக்கிழமை காலையில்தான் வாசல் காவலாளி மூலம் வெள்ளைக்காரர் காதில் விழுந்தது.

ஆள் நல்ல கறுப்பு. பெயிண்ட் கம்பெனியில் நிறம் பார்க்கிற வேலை. பால் வெள்ளை வேறு, முத்து வெள்ளை வேறு என்று பிரித்துச் சொல்லியே இருபத்திரண்டு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறார். 'வெள்ளைக்காரர்' என்பது அதில் வந்த பட்டப்பெயர். வீட்டில் எதைக் கையில் கொடுத்தாலும் மூன்று தரம் தொண்டையைச் செருமி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "லேசா மஞ்சள் அடிக்குதே" என்பார். மனைவி அதை அப்படியே செய்து காட்டுவாள். போன வாரம் மாடிப்படியில் செய்தாளாம். எதிர்வீட்டம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பை நழுவி, வெங்காயம் இரண்டு மாடி உருண்டதாம். "இதை மேடையில செய்யுங்க" என்று அங்கேயே கேட்டுவிட்டாளாம்.

வெள்ளைக்காரர் யோசித்தார். கூடாது என்று சொல்லிப் பார்க்கலாம். சொன்னால் கட்டாயம் நடக்கும். அறிவால் மடக்குவதுதான் வழி என்று தீர்மானித்து, அகராதியைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு மனைவியிடம் போனார்.

"ஏம்மா, பகடி வேற, நையாண்டி வேற. தெரியுமா உனக்கு?"

"ரெண்டும் கிண்டல்தானே?"

"அங்கதான் தப்பு. ஒருத்தர் செய்யறதைக் கூட்டாம குறைக்காம செஞ்சு காட்டினா பகடி. அவரும் சேர்ந்து சிரிப்பார். அதையே ஊதிப் பெருசாக்கினா நையாண்டி. ஊரே சிரிக்கும், அவர் மட்டும் மூலையில உட்காருவார். நீ செய்யறது நையாண்டி. மேடைக்கு ஆகாது."

"எனக்கு வித்தியாசம் தெரியலையேங்க. செஞ்சு காட்டுங்க. புரிஞ்சா நாளைக்கு மேடைப் பக்கமே போகலை."

"யாரைச் செய்ய?"

"என்னையே செய்யுங்க. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆகுது, இன்னுமா மனப்பாடம் ஆகலை?"

தவளை தன் வாயால் கெடும் என்பது அவருக்கும் தெரியும். அது தவளைக்குச் சொன்னது என்று நினைத்திருந்தார்.

துண்டை இடுப்பில் செருகினார். துடைப்பத்தைப் பிடித்து, "அப்பாடா" என்று பெருமூச்சு விட்டார்.

"நான் துடைப்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதோட சரியா? குறைச்சா பகடி இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க."

நியாயம்தான். கூடத்தைப் பெருக்கினார். பாத்திரம் துலக்கினார். துணியை அலசிக் காயப்போட்டார்.

"பகடி புரிஞ்சிருச்சு. இப்போ நையாண்டி. ஊதிப் பெருசாக்குங்க."

அவர் ஏணி போட்டு மின்விசிறியைத் துடைத்தார். பரண் மேல் ஏறினார். கட்டிலை நகர்த்தி, அதன் அடியில் பல வருஷமாகக் குடியிருந்த தூசியைக் காலி செய்தார்.

மனைவி அவருடைய நாற்காலியில் சாய்ந்திருந்தாள். ஒரு டம்ளரை எடுத்து மூன்று தரம் செருமி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"லேசா மஞ்சள் அடிக்குதே."

கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "கண்ணு அவ்வளவு தூரம் போகுதுன்னா, கையும் கொஞ்சம் வரலாமே."

தினமும் அவள் சொல்வது அது. அவர் நினைத்துச் சொல்லவில்லை, தானாக வந்துவிட்டது. இத்தனை வருஷமாக அதைக் கேட்டும் கேட்காமல் இருந்திருக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் தலையில் ஒட்டடையோடு வெளியே வந்து சிரித்தார்.

"வித்தியாசம் புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சுதுங்க."

"நாளைக்கு மேடை?"

"நான் ஏற மாட்டேன். சத்தியம்."

வெள்ளைக்காரருக்கு இடுப்பு வலி பறந்துபோனது. அகராதி ஜெயித்துவிட்டது. கதவு தட்டும் சத்தம் கேட்டு, துடைப்பமும் கையுமாகவே ராஜநடை போட்டுப் போய்த் திறந்தார்.

எதிர்வீட்டம்மா, கையில் விழா நிகழ்ச்சிப் பட்டியலோடு நின்றிருந்தாள். அவரை மேலும் கீழும் பார்த்து மனம் குளிர்ந்து போனாள்.

"உங்க வீட்டம்மா வியாழக்கிழமையே உங்க பேரைக் கொடுத்துட்டாங்க சார். இன்னைக்கு ஒத்திகைன்னும் சொன்னாங்க. மேடைக்குப் புதுத் துடைப்பம் வாங்கட்டுமா, இல்லை கை பழகின இதுவே போதுமா?"