சம்பந்திக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர்

புது ஸ்பீக்கர் இரண்டையும் படகில் பொருத்தி முடித்தபோது, பழசே தேவலாம் என்று மனோகரனுக்குத் தோன்றியது. பழசு கரகரத்தாலும் பாடுவது ஆணா பெண்ணா என்றாவது தெரியும். இது பக்கத்து வீட்டுக் குளியலறையில் யாரோ முணுமுணுப்பது போல இருந்தது.

"ரேடியோ பழசு மாமா. இவ்வளவு பெரிய ஸ்பீக்கர இழுக்க அதுக்கு சக்தி இல்ல," என்றான் வசந்தன். பொந்தியானில் கார்களுக்கு ஸ்டீரியோ மாட்டுகிற கடை வைத்திருப்பவன். படகுக்கு மாட்டுவது அவனுக்கு இதுதான் முதல் தடவை. "ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு போட்டா சரியாயிடும் லா."

"சனிக்கிழமைக்குள்ள முடியுமா?"

"இன்னிக்கு வியாழன்தானே. தாராளமா முடியும்."

சனிக்கிழமை பரமேஸ்வரன் வருகிறார். மனோகரனின் மகள் ரூபினி விரும்பும் பையன் ஜீவனுடைய அப்பா அவர். சிலோன் தமிழர், ஜொகூர் பாருவில் பெரிய அரசாங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜீவனின் அம்மா எப்போதோ சம்மதித்துவிட்டார். ஜீவனோ, அப்பா சரி என்று சொல்லாமல் தாலி கட்ட மாட்டேன் என்று நிற்கிற பிள்ளை. அப்பாவோ இரண்டு வருடமாக ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மனோகரன் முப்பது வருடம் பாசிர் கூடாங்கில் ஷிப்டு வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற கையோடு ஒரு சின்ன மீன்பிடிப் படகு வாங்கிப் பொந்தியான் படகுத்துறையில் கட்டி வைத்திருந்தார். 'அவர் ஃபைலில் கையெழுத்துப் போட்டவர், நாம் மெஷினுக்கு எண்ணெய் போட்டவர்கள், அதனால்தான் யோசிக்கிறார்' என்ற எண்ணம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. மகளுக்காக அந்த மனிதரை எப்படியாவது மடக்கிவிட வேண்டும். அதற்கு ரூபினிதான் வழி சொன்னாள்.

"அங்கிள் அதிகம் பேச மாட்டாருப்பா. ஆனா மீன் பிடிக்கறதும் பழைய பாட்டும்னா அவருக்கு உயிரு."

அன்றைக்கே மனோகரன் வசந்தனைத் தேடிப் போய்விட்டார்.

"அவங்க பொண்ணப் பாக்க வர்றாங்களா, உங்க படகப் பாக்க வர்றாங்களா?" என்று கேட்டார் அவர் மனைவி புஷ்பவள்ளி.

"பொண்ண அவரு மூணு தடவ பாத்துட்டாரு. பாட்டத்தான் இன்னும் கேக்கல," என்றார் மனோகரன்.

வெள்ளிக்கிழமை காலை ஆம்ப்ளிஃபயர் ஏறியது. கூடவே தாளத்தை இடியாக முழக்கும் பெரிய பேஸ் ஸ்பீக்கர் பெட்டி ஒன்றும் ஏறியது. அது இல்லாமல் ஆம்ப்ளிஃபயர் மட்டும் வைப்பது குழம்பில்லாத சோறு என்று வசந்தன் அடித்துச் சொன்னான். பாட்டைப் போட்டதும் துறையில் உட்கார்ந்திருந்த கொக்குகள் மொத்தமாக எழுந்து போயின. மனோகரனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மூன்று பாட்டு கேட்டுவிட்டு எஞ்சினைக் கிளப்பப் பார்த்தால், அது செருமிவிட்டு அடங்கிப் போனது.

"பேட்டரிய பாட்டு குடிச்சிடுச்சு மாமா. இன்னொரு பேட்டரி போடணும்."

இன்னொரு பேட்டரியும் வந்தது. பின்பக்கம் இரண்டு பேட்டரி, ஆம்ப்ளிஃபயர், பேஸ் பெட்டி, போதாததற்கு வசந்தன். படகு பின்னால் தாழ்ந்து, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது.

"அலமாக். இதுல அவர எப்படி உக்கார வைக்கறது?" என்றார் மனோகரன்.

வசந்தன் படகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஓட்டுபவருக்கு எதிரே, திசைகாட்டிக்கு நேர் கீழே, அளந்து செய்தது மாதிரி ஒரு இடம் காலியாக இருந்தது. பேஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே சொருகினான். படகு சமமானது. திசைகாட்டியின் முள் ஒரு துள்ளு துள்ளித் திரும்பியது. அதைப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

சனிக்கிழமை எட்டு மணிக்குப் பரமேஸ்வரன் தம்பதி துறைக்கே வந்துவிட்டார்கள். ஜீவனுக்குச் சிங்கப்பூரில் வேலை, மாலையில்தான் வருவான். பரமேஸ்வரன் ஒல்லியான மனிதர். கடலுக்குப் போவதற்கும் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டைதான். கைக்கடிகாரம், போன், இன்னும் சில சில்லறைச் சாமான்கள் எல்லாவற்றையும் கைக்குட்டையில் முடிந்து மனைவி அன்னபாக்கியத்திடம் கொடுத்தார்.

"கவனமா வையும்," என்றார்.

அன்னபாக்கியத்துக்குக் கடல் என்றால் பயம். அவர் புஷ்பவள்ளியோடும் ரூபினியோடும் சமையலுக்குப் போய்விட்டார். படகில் இருவர் மட்டும் ஏறினார்கள்.

கரை மறைந்ததும் மனோகரன் போனைத் தட்டினார். பழைய பாட்டு ஒன்று கடல் முழுக்கப் பரவியது. ஓரக்கண்ணால் பார்த்தார். பரமேஸ்வரன் தூண்டிலில் இறாலைக் கோத்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"பாட்டு எப்படி இருக்கு சார்?"

பரமேஸ்வரன் புன்னகையோடு தலையாட்டினார். மனோகரனுக்கு நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. ஆனால் ஐந்து நிமிடம் கழித்து பரமேஸ்வரன் கடலைப் பார்த்தபடி வாய் திறந்தார்.

"நல்ல அமைதியான இடம், என்ன?"

மனோகரனுக்குச் சுருக்கென்றது. இவ்வளவு பெரிய பெட்டி பாடிக்கொண்டிருக்கும்போது அமைதி என்றால் என்ன அர்த்தம்? சத்தம் போதவில்லை என்பதைப் பெரிய மனிதர்கள் இப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது. ஒலியைக் கூட்டினார். பலகை அதிர்ந்தது. வாளியில் இருந்த தண்ணீர் தாளம் போட்டது. பரமேஸ்வரன் கண்களை மூடிக்கொண்டார். ரசிக்கிறாரா, சகிக்கிறாரா என்று தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மனோகரன் இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

பதினொரு மணிக்குப் புகைமூட்டம் இறங்கியது. சுற்றிலும் எதுவும் தெரியவில்லை. காலையிலிருந்து பாடிய களைப்பில் போனும் உயிரை விட்டது. மனோகரன் பதறாமல் பென் டிரைவைச் சொருகிப் பாட்டைத் தொடர்ந்தார். வீடு கிழக்கே, கண்ணெதிரே திசைகாட்டி. இருபது வருடமாக நண்பர்களின் படகில் இந்தக் கடலுக்கு வந்து போனவருக்கு வேறு என்ன வேண்டும்? முள் காட்டிய கிழக்கில் படகை விட்டார்.

முக்கால் மணி நேரம் போயும் கரை வரவில்லை. கப்பல்கள் வந்தன. வீடு மாதிரி, பிறகு அடுக்குமாடி மாதிரி கப்பல்கள். மனோகரனுக்கு வியர்த்தது. பரமேஸ்வரன் ஒவ்வொரு கப்பலுக்கும் உற்சாகமாகக் கை காட்டினார்.

அப்போதுதான் புகைக்குள்ளிருந்து ரோந்துப் படகு ஒன்று வந்து குறுக்கே நின்றது.

"பாச்சிக், இவ்வளவு சத்தம் போட்டுக்கிட்டு எங்க போறீங்க?" என்று இளம் அதிகாரி, வயதானவரை மாமா என்று கூப்பிடுகிற மரியாதையோடு, மலாயில் கத்தினார். "இன்னும் கொஞ்சம் போனா இந்தோனேசியா. பாட்டு கேட்டுத்தான் உங்களக் கண்டுபிடிச்சோம்."

"நான் வீட்டுக்குப் போறேன் துவான்."

அதிகாரி பரமேஸ்வரன் பக்கம் திரும்பினார். "இவரு உங்கள இந்தோனேசியாவுக்கா கூட்டிட்டுப் போறாரு?"

பரமேஸ்வரன் அழகாகப் புன்னகைத்து, ஆமாம் என்று தலையாட்டினார்.

அதிகாரியின் முகம் மாறிவிட்டது. மனோகரன் அடையாள அட்டையைக் காட்டி, மகள் கதையைச் சொல்லி, சம்பந்தி என்பதற்கு மலாயில் விளக்கம் கொடுத்து முடிப்பதற்குள் கால் மணி நேரம் ஆனது. கடைசியில் அதிகாரியே படகில் ஏறி, திசைகாட்டியைப் பார்த்து, அதன் கீழே குனிந்து பார்த்தார்.

"ஸ்பீக்கர்ல எவ்வளவு பெரிய காந்தம் இருக்கும் தெரியுமா பாச்சிக்? முள்ளு வடக்கப் பாக்காம உங்க பாட்டப் பாத்துக்கிட்டு இருக்கு. அத நிறுத்திட்டு எங்க பின்னாடியே வாங்க."

திரும்புகிற வழியில் படகில் எஞ்சின் சத்தம் மட்டும்தான். மனோகரனுக்கு அழுகையே வந்துவிடும் போல் இருந்தது. நல்ல பெயர் வாங்கப் போய், சம்பந்தியைப் போலீஸ் காவலில் கரைக்குக் கொண்டுவருகிறோம். இனி இவர் எங்கே சம்மதிப்பது? குழந்தை இன்னும் எத்தனை வருடம் காத்திருப்பாள்? கெட்டது கெட்டதுதான், இனி பயந்து என்ன ஆகப் போகிறது? துறை கண்ணில் பட்டதும் எஞ்சினை அணைத்துவிட்டு, எதிரே போய் உட்கார்ந்தார்.

"சார், எனக்குச் சுத்தி வளைக்கத் தெரியாது. ஸ்பீக்கர் வாங்குனேன், உங்களுக்காகத்தான். என் பொண்ணு தங்கம் சார். அவங்க ரெண்டு பேருக்கும் வைகாசியில முடிச்சு வச்சிடலாமா? உங்களுக்குச் சம்மதமா?"

பரமேஸ்வரன் அவரை நேராகப் பார்த்தார். எட்டி அவர் தோளில் கைவைத்து மெதுவாகத் தட்டினார். பிறகு ஒரு தடவை இல்லை, மூன்று தடவை தலையாட்டினார்.

மனோகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு நல்ல மனிதரை இரண்டு வருடமாகத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

நேரமாகியும் வரவில்லையே என்று பெண்கள் மூவரும் துறைக்கே வந்து காத்திருந்தார்கள். கயிற்றைக் கட்டக்கூட நிற்காமல் மனோகரன் புஷ்பவள்ளியிடம் ஓடினார்.

"சரின்னுட்டாரு. வைகாசி."

ரூபினி கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜீவனுக்குப் போன் போட்டாள். புஷ்பவள்ளி சிகாமட்டில் இருக்கும் தன் அண்ணனுக்குப் போட்டார். அண்ணன் பாசிர் கூடாங் தங்கைக்குச் சொன்னார். அந்தத் தங்கையின் வீட்டுக்காரர் கோயில் கமிட்டியில் இருப்பவர். பரமேஸ்வரன் படகிலிருந்து பத்திரமாக இறங்கி, கால் மணலைத் தட்டுவதற்குள் வைகாசிக்குக் கல்யாண மண்டபம் பேசியாகிவிட்டது.

புஷ்பவள்ளி போனைக் காதிலிருந்து எடுக்காமலே, மலர்ந்த முகத்தோடு புது சம்பந்தியம்மாவிடம் திரும்பினார்.

"உங்க வீட்டு அண்ணனுக்குப் பாட்டெல்லாம் பிடிச்சிருந்துச்சான்னு கேளுங்க அண்ணி. அவருக்காக நாலு நாளா பாடுபட்டாரு இவரு."

அன்னபாக்கியம் கைப்பையைத் திறந்து, கைக்குட்டை முடிச்சை நிதானமாக அவிழ்த்தபடி சொன்னார்:

"பாட்டோ? உப்புத்தண்ணி படும் எண்டு காது மெஷினக் கழட்டி என்னட்டத் தந்திட்டெல்லோ இவர் போனவர், காலையில இருந்து ஒரு சத்தமும் இவருக்குக் கேட்டிருக்காதே."