மஞ்சள் தண்ணி தெளித்த வாடகைக் கார்

நம்ம ஊர்க்காரர்கள் பஸ்ஸில் முன்பின் தெரியாதவர் மடியில் பாதி உட்கார்ந்துகூட வருவார்கள். அடுத்தவர் ஓட்டிய காரில் மட்டும் உட்கார மாட்டார்கள். ஆப் மூலம் வாடகைக்குக் கார் எடுத்து, நாமே ஓட்டிவிட்டு, திருப்பிக் கொடுக்கும் வசதி பற்றி வீட்டில் ஒரு வருஷம் பிரசங்கம் செய்தேன் (கேட்டது நான் மட்டும்).

தங்கைக்கு வரன் வந்தது. லாஸ்பேட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் முதலியார்பேட்டைக்கு வெள்ளைக் காரில் வந்து இறங்கினார்கள். அதைப் பார்த்ததும் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மறு வாரம் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக வேண்டும்.

"ஆட்டோல போய் எறங்கினா மரியாதையாடா? அந்த ஆப்புக் காரை எடு. கேட்டா நம்ம வண்டின்னு சொல்லு."

தங்கை என்னைத் தனியாகப் பிடித்தாள். "அண்ணா, எனக்கு அவரைப் புடிச்சிருக்கு. எதுனா செஞ்சி கெடுத்துடாத."

நான் கெடுக்கவில்லை. புறப்படும் நாளில் நான் எடுத்து வந்து நிறுத்திய காரை அம்மாதான் சுற்றிச் சுற்றி வந்தார். "எவன் எந்தச் சாவுக்கு எடுத்துட்டுப் போனானோ! தீட்டு வண்டியில நல்ல காரியத்துக்குப் போறதா?" என்றார். நான் சட்டை மாற்றி வருவதற்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. சீட்டில் உட்கார்ந்ததும் சில்லென்றிருந்தது. குளிரூட்டும் சீட்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் அறிவு அவ்வளவுதான்.

மாப்பிள்ளை வீட்டு சோபாவில் புது வெள்ளை விரிப்பு. மாப்பிள்ளையின் அம்மா காபித் தட்டோடு வர, நானும் அப்பாவும் மரியாதையாக எழுந்தோம். விரிப்பில் இரண்டு மஞ்சள் வட்டங்கள். அப்பாவின் வேட்டியும் என் வெள்ளை பேன்ட்டும் பின்பக்கம் மங்களகரமாக இருந்தன.

தங்கைக்கு என்ன பதில் சொல்வேன் என்று யோசித்தபடி என் வட்டத்தின் மேலேயே மறுபடி உட்கார்ந்தேன். அம்மாதான் தாங்க முடியாமல் உடைந்தார்.

"கார் எங்களுது இல்லீங்க. ஆப்ல எடுத்தது. தீட்டு இருக்குமேன்னு முன் சீட்டுல ஒரு செம்பு மஞ்சத்தண்ணிய ஊத்திட்டேன்."

"அய்யோ, செம்போட ஊத்துவாங்களா?" என்றார் அந்த அம்மா. "வேப்பிலையில தொட்டு தெளிக்கணும். போன வாரம் நாங்க அப்பிடித்தான் தெளிச்சிட்டு உங்க வூட்டுக்கு வந்தோம்."

மாப்பிள்ளையின் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சற்று முன்புதான் அவர், "நம்ம கார் சர்வீசுக்குப் போயிருக்கு" என்று எங்களிடம் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு வந்த சிரிப்பில் காபி சிந்தி, விரிப்பில் மூன்றாவது கறையும் விழுந்தது. அங்கேயே தாம்பூலம் மாற்றிக்கொண்டோம்.

சீட்டுக் கறைக்காக ஆப்காரர்கள் என் கணக்கை முடக்கிவிட்டார்கள். எங்கே போக வேண்டுமென்றாலும் அவர் கணக்கில் கார் எடுத்துத் தரச் சொல்லி தங்கை வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அவரும் ஒவ்வொரு முறையும், குடும்பமே கேட்கும்படி சொல்கிறார்.

"கார் எடுத்துத் தரேன் மச்சான். ஆனா நீங்க நின்னுக்கிட்டேதான் வரணும்."