பானெட்டில் வைத்த பொட்டு

புதுக் காரின் மேல் கை வைக்காமல் அதைப் பற்றிப் பேசத் தெரிந்த ஒரு மனிதரை நான் கொல்கத்தாவில் இதுவரை பார்த்ததில்லை. விலை கேட்பவர் பானெட்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் கேட்பார். நிறம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வந்தவர் கதவைத் தடவிக்கொண்டே சொல்வார். மைலேஜ் விசாரிப்பவருக்கு வண்டிமேல் சாய்ந்தால்தான் நாக்கு புரளும். (தள்ளி நின்று கேட்டால் எனக்குக் காது கேட்காதா என்ன?) இதை எழுதும்போதே எனக்குக் கோபம் தலைக்கு ஏறுகிறது. என் மனைவி நித்யா எட்டிப் பார்த்து, யாரோடு சண்டை என்று கேட்கிறாள். யாரோடும் இல்லை, கட்டுரை எழுதுகிறேன் என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

இத்தனைக்கும் அது என் கார்கூட இல்லை. நித்யாவின் கார். சால்ட் லேக் ஆபீசில் வேலை பார்த்து, தன் சொந்தச் சம்பளத்தில் அவள் வாங்கிய வெள்ளைக் கார். ஈரோட்டில் நூல் கடை வைத்திருந்த அவளுடைய அப்பா, மகளை ஒரு ஸ்கூட்டியைக்கூடத் தொட விட்டதில்லை. "ஆரு மேலயாச்சும் ஏத்திப்போட்டு வந்து நின்னா, நாந்தான் கோர்ட்டுக்கு அலையோணும்" என்பார். அவ்வளவுதான் வாதம், அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அந்த வீட்டில் வளர்ந்தவள், பெஹாலாவில் குடியேறியபின் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் நெளிந்து நெளிந்து ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கினாள். காரும் வாங்கிய கையோடு, துர்கா பூஜைக்கு வரச்சொல்லி அப்பா அம்மாவுக்கு ரயில் டிக்கெட் போட்டாள். அப்பா ஷாலிமார் ஸ்டேஷனில் இறங்கி வெளியே வரும்போது தான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். கார் வாங்கிய விஷயத்தையே வீட்டில் அம்மாவுக்கு மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

இதில் எனக்கு என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை. பேசாமல் இருப்பதுதான் என் வேலை. அது என்னால் முடியுமா?

எங்கள் சந்தில் பூஜைப் பந்தல் போட ஆரம்பித்தார்கள். பந்தல் என்றால் நம்மூர்க் கல்யாணப் பந்தல் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று மாடி உயரத்துக்கு மூங்கிலிலேயே ஒரு கோட்டை. அந்தக் கோட்டைக்கான மூங்கில் அத்தனையும் தோளில் ஏறி, நித்யாவின் காரை உரசுகிறேன் உரசுகிறேன் என்று போகும். முன்னால் போகிறவன் கவனமாகத்தான் போவான், பின்னால் ஆடும் நுனிக்கு யார் பொறுப்பு? நான் பால்கனியில் நின்று கத்துவேன். அவர்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு இரண்டு நாளில் தொண்டை கட்டிவிட்டது.

அப்போதுதான் ஆபீஸ் நண்பன் ஒருவன், காரின் மேல் ஒட்டுகிற கண்ணாடி போன்ற ஒரு ஃபிலிமைப் பற்றிச் சொன்னான். கண்ணுக்கே தெரியாதாம், பெயிண்ட்டின் மேல் தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளுமாம், மூங்கிலே உரசினாலும் கீறல் ஃபிலிமோடு போய்விடுமாம். உடனே கடைகளுக்கு ஓடினேன். போன கடையிலெல்லாம் ஒரே பதில், "பூஜோர் போரே." பூஜை முடிந்த பிறகு. இந்த ஊரில் செப்டம்பர் பிறந்துவிட்டால் பல் பிடுங்குவதுகூடப் பூஜைக்குப் பிறகுதான். பந்தல் மூங்கில் மட்டும் பூஜைக்கு முன்னாலேயே வந்துவிடும், அதிலிருந்து காப்பாற்றும் ஃபிலிம் மட்டும் பூஜைக்குப் பிறகு வருமா? கடைக்காரரிடம் இதைக் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். அவர் அமைதியாக டீ குடித்துக்கொண்டே இன்னொரு முறை "பூஜோர் போரே" என்றார்.

நீயும் வேண்டாம், உன் கடையும் வேண்டாம் என்று வந்து, இணையத்தில் ஒரு சுருள் ஃபிலிமை வரவழைத்தேன். வீடியோவில் ஒருவன் முழு பானெட்டையும் பாட்டுப் பாடிக்கொண்டே ஒட்டி முடித்தான். ஷாம்பு கலந்த தண்ணீரைத் தெளி, ஃபிலிமைப் பரப்பு, ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரை வழித்துத் தள்ளு, மிச்சத்தைப் பிளேடால் வெட்டு. தோசை வார்ப்பதைவிடச் சுலபம் என்று தோன்றியது. (எனக்குத் தோசையும் வார்க்கத் தெரியாது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.)

மாமனார் வருவதற்கு முந்தைய நாள் லீவு போட்டேன். நித்யா ஆபீஸ் பஸ் ஏறியதும் வேலையை ஆரம்பித்தேன். காரைக் கழுவித் துடைத்துப் பார்த்தால், பானெட்டின் நட்டநடுவில் பொட்டு.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு நாள் முன்புதான் நம்மூர்க் குருக்கள் இருக்கும் ஒரு கோயிலில் காருக்குப் பூஜை போட்டிருந்தோம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், ஸ்டியரிங்கில் மாலை, பானெட்டில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதன் நடுவில் எட்டணா அளவுக்குக் குங்குமம். மாமியார் வீடியோ காலில் தரிசனம் செய்துவிட்டு என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார், "மாப்ள, அந்தப் பொட்ட மட்டும் நீங்களா அழிச்சறாதீங்க. அதா உதிர்ந்தா உதிரட்டும்." நான் ஊரோடு சண்டை போடுவேன், மாமியாரோடு போட மாட்டேன். காரைக் கழுவும்போதும் பொட்டைச் சுற்றியே கழுவினேன்.

இப்போது என்ன செய்வது? புத்தியுள்ளவன் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஒட்டி முடித்ததும் புதிதாக ஒரு பொட்டு வைத்திருப்பான். எனக்கு வந்த யோசனையே வேறு. நாங்கள் லேமினேஷன் பரம்பரை. ரேஷன் கார்டிலிருந்து பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வரை எங்கள் வீட்டில் லேமினேட் ஆகாத காகிதம் கிடையாது. டிவி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, ஃபிரிட்ஜ் கதவில் கம்பெனிக்காரன் ஒட்டிய தாளைப் பத்து வருஷம் உரிக்காமல் வைத்திருந்த குடும்பம். ஃபிலிம்தான் கண்ணுக்கே தெரியாதே, பொட்டின் மேலேயே ஒட்டிவிட்டால் என்ன? பொட்டுக்கும் பாதுகாப்பு, காருக்கும் பாதுகாப்பு. மாமியார் வந்து பார்த்து உருகிப்போவார். அந்த நிமிடம் என்னை நானே மெச்சிக்கொண்டேன், சனியன்.

தண்ணீர் தெளித்தேன், ஃபிலிமைப் பரப்பினேன். இதற்குள் கீழ்வீட்டு கோஷ் காக்கு லுங்கியோடு வந்து நின்றுவிட்டார். ரிட்டயர்டு மனிதர். காக்கு என்றால் சித்தப்பா. ஆனால் என் சொந்தச் சித்தப்பாகூட எனக்கு இவ்வளவு யோசனை சொன்னதில்லை. அவர் வந்தால் எதிர்வீட்டுக்காரர் வருவார், அவர் வந்தால் மூங்கில் கட்டுகிறவர்களும் இறங்கி வருவார்கள். கொஞ்ச நேரத்தில் என்னைச் சுற்றி ஒரு சபையே கூடி, டீயும் வந்தது. எனக்கு மட்டும் டீ இல்லை.

ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து வழித்தேன். நடுவில்தானே பொட்டு இருக்கிறது? சந்தனம் ஊறிக் கரைந்தது, குங்குமம் கிளம்பியது. நான் வலப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் சிவப்பு, இடப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் சிவப்பு. தள்ளத் தள்ள அது வெள்ளை பானெட் முழுக்கப் பரவி ஹெட்லைட்டை நோக்கி ஓடியது. காக்குவின் மனைவி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, விஜயதசமியன்று சுமங்கலிகள் ஒருவர் முகத்தில் ஒருவர் குங்குமம் பூசி விளையாடுவார்களே, அதைப் பத்து நாள் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டாயா என்று கேட்டார். சபை சிரித்தது.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓரத்தை வெட்டப் பிளேடை எடுத்தேன். காக்கு என் தோள்மேல் குனிந்து, "ஆஸ்தே, ஆஸ்தே" என்றார். மெதுவாக, மெதுவாக. ஒரு தரம் சொன்னார், பொறுத்தேன். மறுபடியும் சொன்னார், பொறுத்தேன். அடுத்த முறை சொன்னதும், உங்கள் வீட்டில் உங்களுக்கு ஒரு வேலையும் இல்லையா என்று திரும்பிக் கத்தினேன். உடம்பு திரும்பியது. கையும் கூடவே திரும்பியது. கையில் பிளேடு இருந்தது.

பானெட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு கோடு. ஃபிலிமையும் தாண்டி, பெயிண்ட்டையும் தாண்டி, தகரம் தெரிகிற கோடு. அத்தனை நாள் அத்தனை மூங்கில் போய் வந்தும் விழாத கீறல். அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. மூங்கில் தூக்குகிற ஆள் ஒருவர் "ஈஷ்" என்று உச்சுக்கொட்டினார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆத்திரத்தில் ஃபிலிமைப் பிடித்து இழுத்தேன். பாதி கிழிந்து கையோடு வந்தது, பாதி வர மாட்டேன் என்று நின்றுவிட்டது. வந்த இடத்தில் பசை. பசைக்குத் தேங்காய் எண்ணெய் நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தேய்த்தேன். சிவப்பு, எண்ணெயோடு சேர்ந்து பம்பர் வரை வழிந்தது. பொட்டு மட்டும் போயே போய்விட்டது.

சாயங்காலம் நித்யா வந்தாள். திட்டுவாள் என்று தயாராக இருந்தேன், திட்டினால் நானும் ரெண்டு வார்த்தை பேசலாம். அவள் திட்டவில்லை. அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துக் கடைசி வரை இழுத்துப் பார்த்தாள். பிறகு கார்க் கதவைத் திறந்து ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். எனக்கு என் மேலேயே வந்த கோபத்துக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நாளைக்கு டாக்சியில் போய் அழைத்து வந்துவிடலாம், காரைப் பற்றிப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றேன்.

"நான் ஓட்டிட்டுதாங்க போவேன்" என்றாள். "நீங்க வேணும்னா டாக்சில வாங்க."

எண்ணெயில் ஊறிய சிவப்பு எவ்வளவு கழுவியும் போகவில்லை. மறுநாள் அந்த ரத்தக்களறியோடு கிளம்பினோம். ஆற்றுப் பாலம் ஏறுவதற்கு முன்னால் வெள்ளை யூனிஃபார்ம் டிராபிக் சார்ஜென்ட் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். முன்பக்கம் பார்த்தார், சக்கரத்தடியில் குனிந்து பார்த்தார், யாரை இடித்தீர்கள் என்றார். நான் இறங்கி, குங்குமத்துக்கும் ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதா என்று தமிழ் கலந்த இந்தியில் எகிற, அவர் சாவியைக் கேட்டுவிட்டார். நித்யா பெங்காலியில் நாலு வாக்கியம் பேசினாள். என்ன பேசினாளோ, சார்ஜென்ட் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வழிவிட்டார். எனக்கு இன்றுவரை அது மொழிபெயர்க்கப்படவில்லை.

ஷாலிமார் ஸ்டேஷன் வாசலில் மாமனாரும் மாமியாரும் பெட்டியோடு வந்தார்கள். நித்யா ஸ்டியரிங்கில்தான் உட்கார்ந்திருந்தாள். மாமனார் முதலில் மகளைப் பார்த்தார். முகத்தில் ஏதோ ஒன்று வர ஆரம்பித்தது. அப்புறம் பானெட்டைப் பார்த்தார். பெட்டி கையிலிருந்து நழுவியது.

"ஆரு மேல ஏத்துன, அம்மிணி?" என்றார். "ஆளு உசுரோட இருக்குதா?"

நித்யா ஸ்டியரிங்கை விடாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அந்த நேரத்தில் மூங்கில்காரர்கள் மேல் பழியைப் போடும் எண்ணம் வந்தது உண்மை. வாய் வரை வந்துவிட்டது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபின் முடியவில்லை. அத்தனை போர்ட்டர்களுக்கும் டாக்சிக்காரர்களுக்கும் நடுவில் நின்று, லேமினேஷன், ஷாம்புத் தண்ணீர், பிளேடு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் மாமனாரிடம் சொன்னேன். வண்டி அப்போது ஓடவே இல்லை, ஓரமாக நின்றுகொண்டிருந்தது என்பதையும் சொன்னேன்.

அவர் முழுக்கக் கேட்டார். பிறகு முன் சீட்டில் ஏறி மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் மாமியாரும் பெட்டிகளும் பின்னால். மாமியார் வழியெல்லாம், பொட்டு எங்கே மாப்ள என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார். பாலத்தில் ஒரு மினிபஸ் குறுக்கே பாய்ந்தது. நித்யா பதறாமல் பிரேக் போட்டு, அதைப் போகவிட்டு, வண்டியை மறுபடி எடுத்தாள். மாமனாரின் கை டாஷ்போர்டைப் பிடித்திருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அந்தக் கை தானாகக் கீழே இறங்கி மடியில் உட்கார்ந்தது. நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

பெயிண்ட் அடித்ததும் கோடு போய்விட்டது. (அதுவும் பூஜைக்குப் பிறகுதான்.) கதை போகவில்லை. ஈரோட்டில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மாமனார் பந்தியிலேயே ஆரம்பித்துவிடுவார்: "எம் பொண்ணு கல்கத்தாவுல காரு ஓட்டுறா, தெரியுமுங்களா? அந்த ஊரு டிராபிக்குல ஒரு கீறல் கெடையாது. மாப்ளதான் நின்ன வண்டிய ஆக்சிடென்ட் பண்ணிப்போட்டாரு." ஊரே என்னைத் திரும்பிப் பார்க்கும். சாம்பார் வாளியோடு வருகிறவன்கூட நின்று பார்ப்பான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுந்து பதில் சொல்ல வாயைத் திறப்பேன். ஆனால் என்னைக் கிண்டல் பண்ணும் அந்தக் கதையை, மகள் கார் ஓட்டுகிறாள் என்று சொல்லாமல் அவரால் ஆரம்பிக்க முடியாது. அதைச் சொல்லும்போது அவர் குரல் பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி உயரும். எதிர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் நித்யா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அப்பாவையே பார்ப்பாள். நான் வாயை மூடிக்கொண்டு இன்னொரு கரண்டி ரசம் கேட்பேன்.